உடம்பில் மாட்டும் விளக்கு: ராத்திரி ரோட்டோரம் டயர் மாற்றுபவருக்கும் ரோந்துக் காவலருக்கும்

கேள்வி, 8 டிசம்பர் 2024
போன வாரம் கிருஷ்ணகிரி தாண்டி ராத்திரியில் பஞ்சர். நாலு இண்டிகேட்டரும் போட்டேன், எச்சரிக்கை முக்கோணம் வைத்தேன், ரிப்ளெக்டர் ஜாக்கெட்டும் மாட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. இதற்கு மேல் தோளில் மாட்டுகிற மினுக்கு விளக்கு என்று ஒன்று விற்கிறார்களே, அது வெறும் வியாபாரம் என்பது என் கருத்து. போலீஸ்காரர்களுக்குச் சரி. நமக்கு எதற்கு?

8 டிசம்பர், இரவு 10.15
நமக்குத்தான் முதலில் வேண்டும். திண்டிவனத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே நின்றுபோகும் வண்டிகளைப் போய்ச் சரிசெய்வது என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இண்டிகேட்டர் உங்கள் காரைக் காட்டும். முக்கோணம் முன்னால் ஏதோ நிற்கிறது என்று சொல்லும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை இரண்டும் சொல்லாது. வண்டியை இடது ஓரம் ஒதுக்கியிருப்பீர்கள். பஞ்சர் வலது பின் சக்கரம் என்றால் ரோட்டுப் பக்கம்தான் குந்த வேண்டும். முகம் சக்கரத்தைப் பார்க்கும், முதுகு ரோட்டைப் பார்க்கும். நட்டு இறுகியிருந்தால் ஸ்பேனரை மிதிக்க எழுந்து இன்னும் ஓரடி பின்னால் வருவீர்கள். பின்னால் வரும் டிரைவர் இண்டிகேட்டரைப் பார்த்துவிட்டு காரின் அகலத்துக்கு மட்டும் இடம் விட்டு ஒதுங்குவார். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆள் அவர் கணக்கிலேயே இல்லை.

9 டிசம்பர், காலை 6.50
எவ்வளவு தூரத்திலேயே ஆள் தெரிய வேண்டும் என்று கணக்கு கேட்டவருக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். பார்த்து, என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போக 2.5 விநாடி என்பது சாலைப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதற்குள் 55 மீட்டர் போய்விடும். அப்புறம்தான் பிரேக்கே பிடிக்கத் தொடங்கும். அதனால்தான் நம் நாட்டுச் சாலை வடிவமைப்பில் 80-க்கு 120 மீட்டர், 100-க்கு 180 மீட்டர் முன்னால் தெரிய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

டிம் லைட்டில் கறுப்புச் சட்டைக்காரர் தெரிவது 50 மீட்டருக்குள் வந்த பிறகுதான். மிச்சத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்.

9 டிசம்பர், மதியம்
"ஜாக்கெட் போட்டால் அந்த 180 மீட்டர் வந்துவிடுமே" என்று ஒருவர். வரும், நிபந்தனைகளோடு.

ஜாக்கெட்டின் பட்டையில் இருக்கும் குட்டிக் கண்ணாடி மணிகள், விழுந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலேயே கண் இருக்கிற கார் டிரைவருக்கு அது பளீரென்று தெரியும். லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் திரும்பி வரும் வெளிச்சத்தில் அவர் கண்ணுக்குப் போவது குறைவு. ஹெட்லைட் படாத இடத்தில் நின்றால் யாருக்கும் தெரியாது. மழையில் பட்டை நனைந்தால் மங்கும். கிரீஸ் கை பட்டுப் பட்டு ஆறு மாதத்தில் பட்டை சாம்பல் நிறமாகிவிட்ட ஜாக்கெட் என் கடையிலேயே தொங்குகிறது. அந்தத் துணியின் பச்சை மஞ்சள் நிறம் பகலுக்கும் அந்தி நேரத்துக்கும்தான். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிராலும் நீல ஒளியாலும்தான் அது அப்படிப் பளிச்சிடுகிறது. நடுராத்திரி அந்த நிறம் வேலைக்கு ஆகாது, பட்டை மட்டும்தான் துணை.

இன்னொன்று. இந்த ஜாக்கெட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 20471 என்ற சர்வதேசத் தரத்தில் உயர்ந்த வகுப்புக்கு மின்னும் துணி 0.80 சதுர மீட்டர், பட்டை 0.20 சதுர மீட்டர் இருக்க வேண்டும். டோல்கேட் பக்கம் தொங்கவிட்டு விற்கிற கையில்லாத வலைத் துணியில் இவ்வளவு இடமே கிடையாது.

ஜாக்கெட்டைக் கழற்றிப் போடச் சொல்லவில்லை. அதன் மேல் விளக்கு வேண்டும் என்கிறேன்.

11 டிசம்பர், இரவு 11.40
வாய்ப்பேச்சு எதற்கு என்று இன்று பார்த்தே விட்டோம். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சர்வீஸ் ரோடு. காரை ஓரம் நிறுத்தி நாலு இண்டிகேட்டரும் போட்டோம். கடைப் பையன் வலது பின் சக்கரத்தருகே, ரோட்டில் இறங்காமல், குந்திக்கொண்டு ஸ்பேனரைத் திருப்புவதுபோல் செய்தான். நான் தூரத்திலிருந்து டிம் லைட்டில் மெதுவாக ஓட்டி வந்தேன்.

ஜாக்கெட் மட்டும்: குனிந்ததும் முதுகுத் துணி மேலே ஏறிக் குறுக்குப் பட்டை மடிப்புக்குள் போய்விட்டது. தோள் பட்டைகள் காரின் பக்கம் சாய்ந்துவிட்டன. தெரிந்தது இடுப்புப் பக்கம் ஒரு கோணல் கீற்று. காரின் பம்பரில் ஒட்டிய ஸ்டிக்கர் என்றுதான் தெரியாதவர் நினைப்பார்.

வலது தோளில் கிளிப் விளக்கு: பையன் நேரே நின்றபோது அருமை. குந்தியதும் தலையும் காரும் சேர்ந்து அதை முழுசாக மறைத்துவிட்டன. இண்டிகேட்டரும் அதே ஆரஞ்சு நிறம், அதே மினுக்கல் என்பதால் தெரிந்த கொஞ்சமும் அதோடு கலந்துபோயிற்று.

முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே பெல்ட்டில் ஒன்று, வலது மணிக்கட்டில் ஒன்று, வலது கணுக்காலில் ஒன்று: வெகு தூரத்திலேயே ஆள் என்று தெரிந்துவிட்டது. ஸ்பேனரைத் திருப்பும்போது மணிக்கட்டு விளக்கு மேலே போய்க் கீழே வருகிறது பாருங்கள், அந்த அசைவு இண்டிகேட்டரிடம் கிடையாது.

12 டிசம்பர், காலை
நேற்று பார்த்ததற்கு விளக்கம் முன்பே இருக்கிறது. குன்னர் யொஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு. இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகள். ஆள் அசையாமல் இருந்தால் அவை வெறும் புள்ளிகள். ஓரெட்டு எடுத்து வைத்தால் போதும், மனிதர் நடக்கிறார் என்று பார்ப்பவருக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் புரிந்துவிடுகிறது. பின்னால் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதை ரோட்டில் வைத்துப் பார்த்தார்கள். பட்டையை நெஞ்சில் மட்டும் கட்டுவதைவிட கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, முழங்கை என்று பிரித்துக் கட்டினால் டிரைவர்கள் இன்னும் தூரத்திலேயே மனிதர் என்று அடையாளம் காண்கிறார்கள்.

ஒளி தெரிவது ஒன்று, ஆள் என்று தெரிவது இன்னொன்று. டிரைவர் காலை பிரேக்குக்குக் கொண்டுபோவது இரண்டாவதற்குத்தான். கையில் காசு குறைவாக இருந்தால் நான் முதலில் வாங்கச் சொல்வது கணுக்கால் பட்டை, அடுத்து முதுகு விளக்கு. தோள் விளக்கு மூன்றாவது.

15 டிசம்பர், இரவு
இப்போது போலீஸ். இதை நிதானமாக எழுத வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தேன்.

புறவழிச்சாலையில் ராத்திரி வாகனத் தணிக்கை நடக்கும் இடங்களை வேலையாகப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். காக்கி என்பது புழுதியோடு கலந்துபோவதற்கென்றே வந்த நிறம். வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு அது உதவியிருக்கும், தார் ரோட்டில் நின்று லாரியை மறிக்கும் ஏட்டய்யாவுக்கு உதவாது. கையில் சிவப்பு ஒளித்தடி இருக்கும். அது வீசும்போதுதான் வேலை செய்யும். ஆவணத்தை வாங்கிப் பார்க்கும் நேரத்தில் தடி அக்குளுக்குள் போய்விடுகிறது. அந்த நிமிடம்தான் ஆபத்து. கார் ஜன்னலோரம் குனிந்து பேசுகிறார், முதுகு ரோட்டுக்கு. டயர் மாற்றுகிறவரின் நிலைதான் அவருக்கும்.

தோளில் சிவப்பும் நீலமும் மின்னும் சிறு விளக்கு இப்போது பல ஊர்களில் காவலர்களிடம் பார்க்கிறோம். நல்ல வேலை. இரண்டு கையும் சும்மா இருக்கும், மறந்து எங்கேயும் வைத்துவிட முடியாது, தூரத்திலிருந்தே போலீஸ் நிற்கிறது என்று தெரியும். ஆனால் ஒரு தோளில் மட்டும் இருந்தால் மறுபக்கத்திலிருந்து வருபவருக்குப் பாதி மறையும். முன்னால் ஒன்று, முதுகில் ஒன்று என்று ஒரே பட்டையில் கொடுத்தால் என்ன செலவாகிவிடப் போகிறது? ஊர்க்காவல் படைப் பையன்களுக்கும் கொடுக்க வேண்டும். விசிலோடு ரோட்டு நடுவில் நிற்பது பல இடத்தில் அவர்கள்தான்.

16 டிசம்பர்
காவல்துறையில் இருக்கும் ஒரு நண்பர் இதைப் படித்துவிட்டு நல்ல கேள்வி கேட்டார். திருடனைத் தேடிப் போகும்போது தோளில் மின்னிக்கொண்டு போனால் அவனுக்கு வழிகாட்டியதுபோல் ஆகாதா? ஆகும். அதனால் சுவிட்ச் பெரிதாக, கையுறை போட்ட கட்டைவிரலால் பார்க்காமல் அணைக்கிற மாதிரி இருக்க வேண்டும். மூன்று நான்கு முறை அழுத்தி வெள்ளை, சிவப்பு, நீலம், மினுக்கு என்று சுற்றி வந்தால்தான் அணையும் விளக்குகள் இந்த வேலைக்கு ஒத்துவராது. மெக்கானிக்குக்கும் இதே பேச்சுதான்.

16 டிசம்பர், சற்று நேரம் கழித்து
சிவப்பு நீல விளக்கை ஆன்லைனில் வாங்கிவிட்டேன் என்று எழுதிய தம்பிக்கு. வேண்டாம். 2017 மே 1 முதல் மந்திரிகள் காரிலேயே சுழல் விளக்கை எடுத்துவிட்டார்கள். சட்டத்தை விடுங்கள், சாலையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். போலீஸ் நிற்கிறது என்று நினைத்து முன்னால் போகிறவர் சடன் பிரேக் அடிப்பார், பின்னால் வருகிறவர் அவர் மேல் ஏறுவார். நமக்கு ஆரஞ்சு அல்லது முதுகில் சிவப்பு போதும். நெற்றி விளக்கை வெள்ளையில் போட்டுக்கொண்டு ரோட்டைத் திரும்பிப் பார்ப்பதும் கூடாது. எதிரே பைக் வருகிறது என்று டிரைவர் குழம்புவார், கண்ணும் கூசும். சக்கரத்தைப் பார்க்க காந்தம் வைத்த விளக்கை மட்கார்டு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

22 டிசம்பர், காலை 5.30
மார்கழிப் பனி. இன்று விக்கிரவாண்டி பக்கம் முன்னால் போகும் லாரியின் பின் விளக்கே கரைந்துபோய்த் தெரிந்தது. "மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும், அதனால் மஞ்சள்தான் சரி" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் துளைத்துக்கொண்டெல்லாம் போகாது. மஞ்சளில் கண் கூச்சம் குறைவு, எச்சரிக்கை நிறம் என்று எல்லோருக்கும் பழக்கம், அவ்வளவே.

இந்த மாதிரிப் பனியில் உடம்பில் என்ன மாட்டினாலும் ரோட்டுப் பக்கம் குந்தாதீர்கள். சக்கரம் உருளுமென்றால் ரிம் போனாலும் பரவாயில்லை, ஊர்ந்தபடி பெட்ரோல் பங்க் வரை போய்விடுங்கள். உருளாதென்றால் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு 1033-க்குப் போன் போடுங்கள். அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண்.

3 ஜனவரி 2025
டிசம்பர் 15-ல் எழுதியதைத் தொடர்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அதிக வெளிச்சம் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். ராத்திரியில் அது அப்படி இல்லை.

விபத்து நடந்த இடத்தில் ரோந்து வண்டி நிற்கிறது, கூரையில் நீலமும் சிவப்பும் விளாசுகிறது. அதற்கு முன்னால் நிற்கும் காவலரைப் பாருங்கள். தெரியவே மாட்டார். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு நீலம் தூக்கலாகத் தெரியும், கூச்சமும் அதில்தான் அதிகம். படபடவென்று வெட்டுகிற மினுக்கு இன்னும் மோசம். ஒளி வந்து வந்து மறையும்போது பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கிட்டே வருகிறதா என்று கண்ணால் கணிக்க முடிவதில்லை. நிதானமாக நிமிடத்துக்கு 60 முறை மினுக்கினால் போதும். பின்பக்கம் ஒன்றை மினுக்காமல் அப்படியே எரியவிடுவது அதைவிட மேல்.

ஆக என் விருப்பம் இப்படி மாறியிருக்கிறது: வண்டியின் கூரை விளக்கு ராத்திரியில் குறைவாக, ஆளின் உடம்பு விளக்கு தெளிவாக. பகலில் நேர்மாறாக இருக்கட்டும். பகல், இரவு என்று இரண்டு அளவு வைத்த விளக்காகப் பார்த்து வாங்குங்கள்.

ரோந்து வண்டியை வேலை நடக்கும் இடத்துக்குப் பின்னால், சற்றுச் சாய்த்து நிறுத்துவதும் இதோடு சேர்ந்ததுதான். இடிப்பவன் முதலில் வண்டியை இடிக்கட்டும்.

4 ஜனவரி
வெளிநாட்டில் எப்படி என்றவருக்கு இரண்டு செய்தி. அமெரிக்காவில், அவசர வண்டி ஓரம் நின்றால் ஒரு தடம் தள்ளிப் போ, முடியாவிட்டால் வேகத்தைக் குறை என்று சட்டம். தெற்கு கரோலினாவில் 1996-ல் ஆரம்பித்து, 2012-ல் ஹவாயும் சேர்ந்தபோது ஐம்பது மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. நம் ஊர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி எதிலும் இதைச் சொல்லிக்கொடுத்து நான் கேட்டதில்லை.

பிரான்சில் 2008 முதல் காரில் ஒளிரும் ஜாக்கெட் கட்டாயம். அதில் எனக்குப் பிடித்தது, ஜாக்கெட் டிக்கியில் இருக்கக் கூடாது, உட்கார்ந்த இடத்திலிருந்து எட்ட வேண்டும் என்பது. நம் ஆட்கள் விளக்கை ஸ்டெப்னிக்கு அடியில் வைத்திருப்பார்கள். அதை எடுக்கவே இருட்டில் இறங்கிப் பின்னால் நடக்க வேண்டும். டிரைவர் கதவுப் பையில் வையுங்கள். உள்ளே உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்துவிட்டு, இடதுபக்கக் கதவால் இறங்குங்கள்.

17 ஜனவரி
பொங்கல் கூட்டம் சென்னைக்குத் திரும்புகிறது. நேற்று ராத்திரி முழுக்க ரோட்டில்தான்.

ஒரு விஷயம் மனதை அறுக்கிறது, சொல்லிவிடுகிறேன். லாரி நின்றுபோனால் பின்னால் பெரிய கல்லும் வேப்பங்கிளையும் வைக்கிறார்கள். முக்கோணம் இல்லாதவர் என்ன செய்வார், புரிகிறது. வண்டி சரியானதும் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்து வருகிற பைக்காரன் அதில் ஏறுகிறான். நேற்று இரண்டு கல்லை நானும் பையனும் உருட்டி ஓரம் போட்டோம். ஒரு கல் மேல் பைக் கண்ணாடித் துண்டு கிடந்தது. கிளீனர் தம்பிகளே, கையோடு எடுத்துப் போடுங்கள்.

இன்னொன்றும் நேற்று பார்த்தது. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓரமாக எதிர்த்திசையில் பைக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன, சிலதுக்கு லைட்டும் இல்லை. அதனால் பின்னால் மட்டும் விளக்கு மாட்டினால் போதும் என்று டிசம்பரில் வாதாடிய ஓசூர் நண்பருக்குச் சொல்கிறேன், முன்னாலும் ஒன்று வேண்டும். ரோட்டு நடுவே இருக்கும் தடுப்புச் சுவரோரம் நின்றுபோனால் இரு மடங்கு வேண்டும். டிம் லைட் இடது ஓரத்தைத்தான் தூரம் வரை காட்டும், வலது பக்கம் சீக்கிரமே இருட்டிவிடும்.

18 ஜனவரி
ஒரு அக்கா கேட்டிருக்கிறார், மகள் வேலை முடிந்து ராத்திரி ஸ்கூட்டியில் வருகிறாள், அவளுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று. அக்கா, ஹெல்மெட் பின்னால் ஒட்டுகிற சிவப்பு விளக்கு ஒன்று, கணுக்காலுக்குப் பட்டை ஒன்று. வண்டி நின்றுபோனால் அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிச்சம் இருக்கும் கடை வாசல் வரை தள்ளிக்கொண்டு போகட்டும், விளக்கு எரிந்தபடியே. பயமாக இருந்தால் 112.

26 ஜனவரி
பேட்டரி பற்றி. டேஷ்போர்டு மேல் வெயிலில் கிடந்தால் லித்தியம் பேட்டரி சித்திரை, வைகாசியைத் தாண்டாது, உப்பிவிடும். கதவுப் பையில், துணிக்குள் வையுங்கள். தூசியும் தண்ணீரும் புகாத அளவைச் சொல்லும் எண் ஐபி. ஐபி 67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி தாங்கும். மழைக்கு ஐபி 65 போதும், வீண் செலவு வேண்டாம்.

சார்ஜ் போட மறக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி. அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறோம் அல்லவா, அன்றே விளக்கையும் சார்ஜில் போடுங்கள். என் கடையில் இப்படித்தான். இதுவரை ஒரு விளக்கும் ரோட்டில் செத்ததில்லை.

5 பிப்ரவரி
தைப்பூசம் 11-ஆம் தேதி. பழனிக்கு நடக்கிறவர்களின் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்களே, அது போதுமா என்று கேள்வி. பையில் ஒட்டியதைத் தோளில் போட்ட துண்டு மறைத்துவிடுகிறது. கூட்டமாக நடக்கும்போது கடைசி வரிசையில் வருகிறவருக்கும் ரோட்டுப் பக்கம் நடக்கிறவருக்கும் கணுக்காலில் பட்டையோ விளக்கோ கட்டிவிடுங்கள். வெறுங்கால் நடைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. காவடி எடுத்தவர் ரோட்டுப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை.

9 பிப்ரவரி
முதல் கேள்வி கேட்ட நண்பர் பெல்ட் விளக்கும் கணுக்கால் பட்டையும் வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். சந்தோஷம். எந்த வரிசையில் மாட்டுவது, எந்த வரிசையில் கழற்றுவது என்று கேட்கிறார்.

மாட்டுவது உள்ளே உட்கார்ந்தே, அதை மேலே எழுதிவிட்டேன். வேலை முடிந்ததும் ஜாக்கியை இறக்கி, சாமானை டிக்கியில் போட்டுவிட்டு, கடைசியாக முக்கோணத்தை எடுக்கப் பின்னால் நடப்பீர்கள். வேலைதான் முடிந்துவிட்டதே என்று பலர் விளக்கை அதற்கு முன்பே கழற்றிவிடுகிறார்கள். இண்டிகேட்டர் வெளிச்சத்தைத் தாண்டி, தனி ஆளாக, இருட்டில் நடப்பது அப்போதுதான். முக்கோணத்தை மடித்து எடுத்துக்கொண்டு, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாகத் திரும்பி வந்து, உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகு அணையுங்கள்.